டெலிகிராமுக்கு புதுசு, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

தூறல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை வருஷமா வாட்ஸாப் மட்டும்தான் யூஸ் பண்ணிட்டு இருந்தேன், இப்ப நான் சேந்திருக்குற ஆன்லைன் கோர்ஸ்ல நோட்ஸ், க்ளாஸ் டைம், டவுட் கேக்குறது எல்லாமே டெலிகிராம்லதான்னு சொல்லிட்டாங்க. சரின்னு ஆப்பை இறக்கி நம்பர் குடுத்து உள்ள வந்தேன். வந்த கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சவங்க சில பேர்கிட்ட இருந்து ஹாய், அதுல ஒருத்தங்க பழைய ஆஃபீஸ்ல கூட வேலை பாத்தவங்க, பேசியே பல வருஷம் ஆச்சு. நான் வந்தது அவங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?

இன்னும் நிறைய குழப்பம் இருக்கு, எல்லாத்தையும் ஒரேடியா கேட்டுடறேன். கோர்ஸ்காரங்க ஒரு சேனல் லிங்க்கும் ஒரு குரூப் லிங்க்கும் குடுத்திருக்காங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்த குரூப்ல முன்னப்பின்ன தெரியாதவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, அவங்க எல்லாருக்கும் என் நம்பர் தெரியுமா? இதுதான் எனக்கு பெரிய பயம். அப்புறம் நான் போட்ட மெசேஜுக்கு ஒரு டிக்தான் ரொம்ப நேரம் இருக்கு, அவங்க ஃபோன் ஆஃப்ல இருக்கோன்னு பாத்தா ஆன்லைன்னு காட்டுது, இது எப்படி? பாட்னு ஒண்ணு சொல்றாங்களே அது ஆளா மெஷினா? பொறுமையா யாராவது சொன்னா நல்லா இருக்கும், தேடிப்பாத்தா வர்ற வீடியோ எல்லாம் படம் எப்படி டவுன்லோட் பண்றதுன்னுதான் சொல்லித் தருது, எனக்கு வேண்டியது அது இல்ல.

கடலோரம்:

முதல்ல நம்பர் விஷயத்தை முடிச்சிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

செட்டிங்ஸ் போய் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி திறங்க, அதுல ஃபோன் நம்பர்னு ஒண்ணு இருக்கும். உங்க நம்பரை யார் பாக்கலாம்னு கேக்கும், நோபடி வச்சுடுங்க. வச்ச உடனே கீழ இன்னொரு கேள்வி வரும், நம்பரை வச்சு உங்கள யார் கண்டுபிடிக்கலாம்னு. அங்க மை காண்டாக்ட்ஸ் வைங்க. இந்த ரெண்டாவது கேள்விய பாதி பேர் கவனிக்கிறதே இல்ல, ஆனா அதுதான் முக்கியம். அதை எவ்ரிபடின்னு விட்டா யாரோ ஒருத்தன் வாய்க்கு வந்த நம்பரை எல்லாம் தன் ஃபோன்ல சேவ் பண்ணி, எந்த நம்பர் எந்த அக்கௌன்ட்னு பாத்துக்க முடியும்.

பயப்படாதீங்க, ஆரம்பத்துல இருந்தே உங்க காண்டாக்ட்ல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் நம்பர் தெரியுற மாதிரிதான் வச்சிருக்காங்க. குரூப்ல இருக்குற ஆயிரம் பேருக்கும் உங்க பேரும் போட்டோவும்தான் தெரியும். ஏற்கனவே உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்குறவங்களுக்கு மட்டும் எப்பவும் தெரியும், அதை ஒண்ணும் பண்ண முடியாது. அந்த பழைய ஆஃபீஸ் ஆள் கதையும் இதுதான், அவங்க ஃபோன்ல உங்க நம்பர் இன்னும் இருக்கு, நீங்க சேந்ததும் இன்னார் டெலிகிராமுக்கு வந்துட்டாங்கன்னு அவங்களுக்கு நோட்டிஃபிகேஷன் போயிருக்கும்.

ஒரு இடத்துல மட்டும் கவனம். புதுசா யாரையாவது காண்டாக்ட்ல ஆட் பண்ணும்போது, என் நம்பரை அவங்களோட ஷேர் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் வரும். தெரியாதவங்கன்னா அதை எடுத்துட்டு ஆட் பண்ணுங்க. இன்னும் நல்லது யூசர்நேம் ஒண்ணு வச்சுக்கிறது, அஞ்சு எழுத்தாவது இருக்கணும், இங்கிலீஷ் எழுத்து, நம்பர், அண்டர்ஸ்கோர் மட்டும்தான் எடுத்துக்கும். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் அதைக் குடுத்தா போதும், நம்பர் குடுக்காமலே பேசலாம். எனக்கு டெலிகிராம்ல புடிச்ச விஷயமே இதுதான்.

பழைய_ரேடியோ:

கடலோரம் சொன்னதை முதல்ல செஞ்சுடுங்க. நான் வேற பக்கத்துல இருந்து சொல்றேன், ஏன்னா ஒவ்வொரு பட்டனும் என்ன பண்ணும்னு மனப்பாடம் பண்றதை விட ஒரே ஒரு விஷயத்தை புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிடும்.

வாட்ஸாப்ல நீங்க அனுப்புற மெசேஜ் அவங்க ஃபோனுக்கு போய் சேர்றதுதான் கணக்கு, உங்க பேச்சு எல்லாம் உங்க ஃபோன்லயும் அவங்க ஃபோன்லயும்தான் உக்காந்திருக்கு. டெலிகிராம்ல சாதாரண சாட் எல்லாமே அவங்க சர்வர்ல இருக்கு, உங்க ஃபோன் அதைத் திறந்து காட்டுது அவ்வளவுதான். 2013ல பாவெல் துரோவும் அவர் அண்ணன் நிகோலாயும் இதை ஆரம்பிச்சதுல இருந்தே அமைப்பு இப்படித்தான்.

இப்ப உங்க டிக் கேள்விக்கு வாங்க. மெசேஜ் சர்வருக்கு போய் சேந்தா ஒரு டிக், அவங்க சாட்டை திறந்து பாத்தா ரெண்டு டிக். நடுவுல "ஃபோனுக்கு போச்சு"ங்கிற கட்டமே கிடையாது, ஏன்னா ஒரே ஆள் ஃபோன்ல, லேப்டாப்ல, டேப்லன்னு எல்லா இடத்துலயும் உள்ள இருக்கலாம், எந்த ஃபோனுக்கு போச்சுன்னு காட்டுறது? அதனால ஒரு டிக்னா அவங்க ஃபோன் ஆஃப்னு அர்த்தம் இல்ல, இன்னும் படிக்கலைன்னுதான் அர்த்தம். ஆன்லைன்ல வேற யார்கூடயாவது பேசிட்டு இருக்கலாம். கலர் எல்லாம் பாக்காதீங்க, ரெண்டு டிக்னா படிச்சாச்சு. குரூப்ல யாராவது ஒருத்தர் படிச்சாலே ரெண்டு டிக் விழுந்துடும், எல்லாரும் படிச்சாங்கன்னு எடுத்துக்காதீங்க. நூறு பேருக்குள்ள இருக்குற சின்ன குரூப்னா உங்க மெசேஜைத் தொட்டா யார் யார் பாத்தாங்கன்னு லிஸ்ட் வரும், அதுவும் ஒரு வாரம் வரைக்கும்தான்.

ஃபோன் தொலைஞ்சா என்ன ஆகும்னு நீங்க கேக்கல, ஆனா கண்டிப்பா ஒருநாள் கேப்பீங்க. ஒண்ணும் ஆகாது. புது ஃபோன்ல அதே நம்பர் போட்டு உள்ள வந்தா பழைய சாட், நோட்ஸ், போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும், பேக்கப் எடுக்குற வேலையே இல்ல. கம்ப்யூட்டர்லயும் திறக்கலாம், அப்ப உங்க ஃபோன் ஆன்ல இருக்கணும்னு அவசியம் இல்ல. படிக்கிறவங்களுக்கு இது பெரிய வரம், ஃபோன்ல வந்த நோட்ஸை லேப்டாப்ல திறந்து படிச்சுட்டு போய்ட்டே இருக்கலாம். ஒரு ஃபைல் 2 ஜிபி வரைக்கும் அனுப்பலாம், ப்ரீமியம் வாங்குனவங்க 4 ஜிபி வரைக்கும்.

சேவ்டு மெசேஜஸ்னு ஒரு சாட் இருக்கும் பாருங்க, அது உங்களுக்கு மட்டும். வேண்டிய நோட்ஸை அங்க ஃபார்வர்ட் பண்ணி வச்சுக்கோங்க. குரூப்ல இருக்குதேன்னு விட்டா நாளைக்கு அட்மின் டெலிட் பண்ணிட்டா போச்சு. டெலிகிராம்ல டெலிட் ரொம்ப பவர்ஃபுல், தனி சாட்ல எதிர்ல இருக்குறவங்க நினைச்சா நீங்க அனுப்புனதையும் சேத்து ரெண்டு பக்கமும் அழிச்சுடலாம், எத்தனை நாள் ஆனாலும். அதனால முக்கியமான பேச்சு எதுவா இருந்தாலும் உங்ககிட்ட ஒரு காப்பி இருக்கட்டும். எழுத்துப்பிழை வந்தா டெலிட் பண்ணாதீங்க, 48 மணி நேரத்துக்குள்ள எடிட் பண்ணிக்கலாம், எடிட் பண்ணதுன்னு ஓரத்துல காட்டும்.

இடம் அடைக்குதுன்னா செட்டிங்ஸ்ல டேட்டா அண்ட் ஸ்டோரேஜ் போய் கேஷ், அதாவது ஃபோன்ல தற்காலிகமா இறங்கி இருக்குற காப்பி எல்லாத்தையும் க்ளியர் பண்ணுங்க, தைரியமா பண்ணலாம், ஒரிஜினல் சர்வர்ல இருக்குறதால திரும்ப தொட்டா திரும்ப இறங்கும். அங்கயே ஆட்டோ டவுன்லோடையும் குறைச்சு வச்சுடுங்க, பெரிய குரூப்ல சேந்தா டேட்டா தண்ணியா ஓடும்.

வெட்டவெளி:

நல்ல விளக்கம் ப்ரோ. கூட ஒண்ணு சேத்துக்கறேன், வாட்ஸாப்பை விட டெலிகிராம் ரொம்ப செக்யூர், எல்லாமே என்க்ரிப்டட், ரகசியமா எது வேணும்னாலும் பேசலாம். அதனாலதான் நிறைய பேர் இதுக்கு மாறுறாங்க.

பழைய_ரேடியோ:

வெட்டவெளி, இதை அப்படியே விட முடியாது, புதுசா வர்றவங்க நம்பிடுவாங்க. வாட்ஸாப்ல 2016ல இருந்து தனி சாட், குரூப் ரெண்டுமே எண்ட் டு எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது பேசுற ரெண்டு பக்கத்தைத் தவிர நடுவுல இருக்குற கம்பெனியே உள்ள இருக்குறதை படிக்க முடியாது. டெலிகிராம்ல சாதாரண சாட் அப்படி இல்ல. உங்க ஃபோன்ல இருந்து சர்வர் வரைக்கும் பூட்டு இருக்கு, சர்வர்ல வச்சிருக்குறதும் பூட்டிதான் வச்சிருக்காங்க, ஆனா சாவி அவங்க கையில. மேல சொன்னேனே, புது ஃபோன்ல நம்பர் போட்டா எல்லாம் திரும்ப வரும்னு, அந்த வசதிக்கு நாம குடுக்குற விலை இது. ரெண்டையும் சேத்து ஒரே சாட்ல எதிர்பாக்க முடியாது.

நிஜமாவே ரகசியம் வேணும்னா சீக்ரெட் சாட்னு தனியா இருக்கு. அந்த ஆளோட ப்ரொஃபைல் திறந்து மூணு புள்ளி மெனுல ஸ்டார்ட் சீக்ரெட் சாட் குடுக்கணும், அது எண்ட் டு எண்ட். ஆனா ரெண்டு பேருக்குள்ள மட்டும்தான், குரூப்புக்கு கிடையாது. ஆரம்பிச்ச ஃபோன்ல மட்டும்தான் இருக்கும், லேப்டாப்ல தேடுனா வராது, லாக் அவுட் பண்ணா போயே போச்சு. ஃபார்வர்டும் பண்ண முடியாது. தனி ஆளுக்கு பண்ற வாய்ஸ் காலும் வீடியோ காலும் எண்ட் டு எண்ட்தான், கால் போகும்போது ஸ்க்ரீன்ல நாலு எமோஜி தெரியும், ரெண்டு பேருக்கும் அதே நாலு வந்தா நடுவுல யாரும் இல்லன்னு அர்த்தம்.

க்ளாஸ் நோட்ஸுக்கு இதெல்லாம் தேவையில்ல. ஆனா ஆதார் அட்டை போட்டோ, பேங்க் விவரம், பாஸ்வேர்ட் இதெல்லாம் சாதாரண சாட்ல போட்டு வைக்காதீங்க, சேவ்டு மெசேஜஸ்லயும் வேண்டாம், அதுவும் அதே சர்வர்தான்.

வெட்டவெளி:

சரி, எனக்கு இது தெரியாது, எல்லா சாட்டும் அப்படித்தான்னு நினைச்சிருந்தேன். தேங்க்ஸ்.

நிழல்மரம்:

சேனல், குரூப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல போல, நான் சொல்றேன். நானே ஒரு பெரிய குரூப்புக்கு அட்மின்.

சேனல்னா மைக் அட்மின் கையில மட்டும் இருக்குற மீட்டிங். அவங்க போடுவாங்க, நீங்க படிப்பீங்க. எத்தனை பேர் வேணும்னாலும் சேரலாம், லிமிட் இல்ல. கூட யார் யார் சேந்திருக்காங்கன்னு உங்களுக்கு தெரியாது, நீங்க இருக்குறது மத்த சப்ஸ்க்ரைபருக்கும் தெரியாது, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். கமெண்ட் வச்சிருந்தா மட்டும் கீழ எழுதலாம், எழுதுனா உங்க பேரோடதான் வரும். குரூப்ல எல்லாரும் பேசலாம், 2,00,000 பேர் வரைக்கும் சேரலாம். சில குரூப்ல டாபிக்ஸ்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, கேள்விய அந்தந்த டாபிக் உள்ள போய் கேளுங்க, பொதுவுல கொட்டுனா யார் கண்ணுலயும் படாது.

தூறல், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், இது எல்லா அட்மினோட வேண்டுகோளும்தான். சேந்த உடனே வணக்கம் போட்டு கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி மேல பின் பண்ணி வச்சிருக்குறதை படிங்க. அப்புறம் குரூப்ல சர்ச் போட்டு பாருங்க. வாட்ஸாப் குரூப்ல பொதுவா நீங்க சேந்ததுக்கு அப்புறம் வந்ததுதான் தெரியும், இங்க அட்மின் மறைக்காம விட்டிருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடி நடந்த பேச்சும் முழுசா இருக்கும், உங்க டவுட்டை போன மாசமே யாராவது கேட்டு பதிலும் வாங்கியிருப்பாங்க. யாருக்காவது பதில் சொல்லணும்னா அந்த மெசேஜை இழுத்து ரிப்ளை பண்ணுங்க, தனியா "ஆமா", "ஓகே"ன்னு போட்டா நூறு மெசேஜ் ஓடுற இடத்துல எதுக்கு ஆமான்னே தெரியாது. சில சமயம் எழுத விடாம டைமர் ஓடும், அது ஸ்லோ மோட், அட்மின் வச்சது, உங்க ஃபோன் கோளாறு இல்ல.

சத்தம் தாங்கலைன்னா குரூப்பை மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போடுங்க. மியூட் பண்ணாம ஆர்க்கைவ் பண்ணா அடுத்த மெசேஜ் வந்ததும் திரும்ப மேல வந்து நிக்கும், ரெண்டையும் சேத்து பண்ணணும். சேனல் மட்டும் மியூட் பண்ணாதீங்க, க்ளாஸ் டைம் அங்கதான் வரும்.

பாட்ங்கிறது ப்ரோக்ராம், ஆள் இல்ல. பொதுவா யூசர்நேம் பாட்னு முடியும். நீங்க போய் ஸ்டார்ட் அமுக்காம அதுவா வந்து பேசாது, நீங்களா ஷேர் பண்ணாம உங்க நம்பரும் அதுக்கு தெரியாது. க்விஸ் வைக்கிறது, நோட்ஸ் தேடி எடுத்து தர்றது இதுக்கெல்லாம் நல்லா உதவும். ஆனா பாட் யார் வேணும்னாலும் உருவாக்கலாம், டெலிகிராம் கம்பெனி அதை செக் பண்ணி விடுறது இல்ல. காண்டாக்ட் ஷேர் பண்ணுன்னு ஒரு பட்டன் காட்டுனா எதுக்குன்னு யோசிச்சுட்டு அமுக்குங்க.

தூறல்:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும், டிக் விஷயம் இப்பதான் புரியுது, பாவம் அந்த ஃப்ரெண்ட் மேல வீணா கோவப்பட இருந்தேன். நோபடி வச்சுட்டேன், யூசர்நேமும் போட்டாச்சு.

இன்னொரு விஷயம். குரூப்ல சேந்த அன்னைக்கே கோர்ஸ் லோகோ வச்ச ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி, நான்தான் அட்மின், உங்க அக்கௌன்டை வெரிஃபை பண்ணணும், உங்களுக்கு ஒரு கோட் வரும் அதை அனுப்புங்கன்னார். கொஞ்ச நேரத்துல நிஜமாவே ஒரு கோட் வந்துச்சு, டெலிகிராம்னே பேர் போட்டு, பேர் பக்கத்துல டிக் எல்லாம் இருக்கு. இன்னும் அனுப்பல. அனுப்பலாமா?

கடலோரம்:

அனுப்பாதீங்க!! எக்காரணம் கொண்டும் அனுப்பாதீங்க.

கோட் அனுப்புனது நிஜ டெலிகிராம்தான், அதுதான் இதுல இருக்குற தந்திரம். அந்த ஆள் வேற ஃபோன்ல உங்க நம்பரைப் போட்டு உள்ள வரப் பாக்குறான், நீங்க ஏற்கனவே ஆப்ல இருக்குறதால லாகின் கோட் எஸ்எம்எஸ்ஸா வராம ஆப் உள்ளயே வரும். அதைக் குடுத்தா உங்க அக்கௌன்ட் அவன் கையில, அடுத்த நிமிஷம் உங்க பேர்ல உங்க காண்டாக்ட் எல்லார்கிட்டயும் அவசரமா பணம் வேணும்னு கேப்பான். எந்த அட்மினுக்கும் அந்த கோட் தேவையே இல்ல. ஆனா உங்க நம்பர் அவனுக்கு எப்படி தெரிஞ்சுது? எங்கயாவது பாட்ல, ஃபார்ம்ல குடுத்தீங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

இப்பவே செய்ய வேண்டியது: ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டில டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு ஒரு பாஸ்வேர்ட் வைங்க, ரெக்கவரி ஈமெயிலும் கண்டிப்பா குடுங்க, பாஸ்வேர்ட் மறந்தா அதுதான் கை குடுக்கும். இது இருந்தா கோட் யார் கையில கிடைச்சாலும் பாஸ்வேர்ட் இல்லாம உள்ள வர முடியாது. அடுத்து செட்டிங்ஸ்ல டிவைசஸ் போய் பாருங்க, எந்தெந்த ஃபோன், கம்ப்யூட்டர்ல உங்க அக்கௌன்ட் திறந்திருக்குன்னு லிஸ்ட் இருக்கும். தெரியாதது இருந்தா டெர்மினேட் குடுங்க. ஒருவேளை யாராவது நுழைஞ்சுட்டாலும் பதறாம உடனே இதைப் பண்ணணும், புதுசா உள்ள வந்தவனால முதல் 24 மணி நேரத்துக்கு மத்த டிவைஸ வெளிய தள்ள முடியாது, அந்த நேரம் உங்களுக்குத்தான் சாதகம்.

நிழல்மரம்:

அவனை ப்ளாக் பண்றதுக்கு முன்னாடி ரிப்போர்ட் பண்ணுங்க, குரூப்ல நிஜ அட்மினுக்கும் சொல்லுங்க. குரூப் பேரைத் தொட்டு மெம்பர்ஸ் லிஸ்ட் பாத்தா அட்மின் யாருன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். போட்டோவும் பேரும் யார் வேணும்னாலும் காப்பி அடிக்கலாம், ஒரே யூசர்நேமை ரெண்டு பேர் வச்சுக்க முடியாது, அதனால யூசர்நேமை எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. எங்க குரூப்லயும் இதே மாதிரி நடந்துச்சு, ஒரே ஒரு அண்டர்ஸ்கோர்தான் வித்தியாசம், அவசரத்துல பாத்தா தெரியவே தெரியாது. வீடியோக்கு லைக் போட்டா காசு, என் படத்துக்கு ஓட்டு போடு, ப்ரீமியம் கிஃப்ட் வந்திருக்குன்னு வர்ற லிங்க் எல்லாம் கடைசில உங்களை இதே கோட்லதான் கொண்டு போய் நிறுத்தும்.

அப்படியே ப்ரைவசில உங்களை குரூப்லயும் சேனல்லயும் யார் சேக்கலாம்ங்கிறதையும் மை காண்டாக்ட்ஸ் ஆக்குங்க. இல்லன்னா யாரோ முகம் தெரியாதவன் உங்களைக் கேக்காமலே ஏதோ ஒரு முதலீடு குரூப்ல இழுத்துப் போடுவான்.

தூறல்:

டூ ஸ்டெப் போட்டாச்சு, டிவைசஸ்ல என் ஃபோன் மட்டும்தான் இருக்கு. நம்பர் எங்க போச்சுன்னும் புரிஞ்சுது, நோட்ஸ் வேணும்னா காண்டாக்ட் ஷேர் பண்ணுன்னு ஒரு பாட் கேட்டுச்சு, குரூப்ல யாரோ போட்ட லிங்க், நிஜ அட்மின்கிட்ட கேட்டா அது அவங்களோடதே இல்லையாம், இப்ப தூக்கிட்டாங்க.

கடைசியா ஒண்ணு. கோர்ஸ் முடிஞ்சதும் எனக்கு இது வேண்டாம்னா ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணா போதுமா? நம்பரும் அடுத்த வருஷம் மாத்தலாம்னு இருக்கேன்.

பழைய_ரேடியோ:

போதாது. அன்இன்ஸ்டால் பண்ணா உங்க ஃபோன்ல இருந்துதான் ஆப் போகும், அக்கௌன்ட் சர்வர்ல அப்படியே இருக்கும், ஜனங்க உங்களுக்கு மெசேஜ் போட்டுட்டே இருப்பாங்க, நீங்க இன்னும் இங்க இருக்கீங்கன்னு நினைச்சுப்பாங்க. வேண்டாம்னா அக்கௌன்டையே டெலிட் பண்ணணும். பண்ணா உங்க சாட், காண்டாக்ட் எல்லாம் போயிடும், ஆனா குரூப்ல நீங்க போட்டது மத்தவங்களுக்கு இருக்கும், பேர் இருந்த இடத்துல டெலிட்டட் அக்கௌன்ட்னு காட்டும். திரும்ப கொண்டு வர முடியாது, அதனால சேவ்டு மெசேஜஸ்ல இருக்குற நோட்ஸை முன்னாடியே கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுடுங்க. நீங்களா டெலிட் பண்ண மறந்தாலும், இத்தனை மாசம் நான் வரலைன்னா அக்கௌன்டை அழிச்சுடுன்னு ப்ரைவசி பக்கத்துல கீழ ஒரு செட்டிங் இருக்கு, எத்தனை மாசம்னு நீங்களே வச்சுக்கலாம்.

நம்பர் மாத்துறதா இருந்தா பழைய சிம் கையில இருக்கும்போதே செட்டிங்ஸ்ல சேஞ்ச் நம்பர் குடுத்து புது நம்பருக்கு மாத்திடுங்க, சாட் எல்லாம் கூடவே வந்துடும். மாத்தாம பழைய நம்பரை விட்டுட்டா சிம் கம்பெனி அதை கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்காவது குடுத்துடும், அப்ப லாகின் கோட் அவங்களுக்கு போகும்.